லைட்டரைக் காட்டினால் கத்துகிற கருவியை நம்பலாமா?

கேள்வி இது: கரைப்பான்கள் பயன்படுத்தும் ஒரு சிறு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் ஒருவர். நான்கு வாயுக்களை (தீப்பற்றும் வாயு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு) அளக்கும் கைக்கருவி ஒன்று அங்கே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே அனுப்பிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் சிகரெட் லைட்டரின் வாயுவை அதன் முகத்தில் காட்டுவார்கள். அலாரம் அடித்தால் கருவி சரி. இப்போது, மாதந்தோறும் நாமே கேலிப்ரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்துகொள்வோம் என்று, அளவு தெரிந்த வாயு அடைத்த ஒரு சிலிண்டரையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று கேட்கிறார்.

முதல் வேலையாக அந்த லைட்டரை விலக்குங்கள். தீப்பற்றும் அபாயமுள்ள இடத்தில் லைட்டரே இருக்கக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சோதனை என்ற வகையிலும் அது செல்லாது. லைட்டருக்குள் இருப்பது ஏறத்தாழ முழு பியூட்டேன். உங்கள் கருவியின் 0 முதல் 100 வரையிலான அளவுகோல் முழுவதும் காற்றில் 2 சதவீதத்துக்கும் குறைவான பியூட்டேனுக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட சென்சாரின் வாயில் செறிவான வாயுவை நேரே பீய்ச்சினால் அது அளவுமீறிச் சூடேறும், கரி படியும், பூஜ்யம் நகரும். நல்ல சென்சாரைச் சோதித்தே கெடுக்கும் வழி அது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கெட்டுப்போன சென்சாரையும் லைட்டர் தேர்ச்சி பெறவைத்துவிடும். காரணம் புரிய வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கைக்கருவிகள் பெரும்பாலானவற்றில் தீப்பற்றும் வாயுவுக்கென்று இருப்பது வினையூக்கி மணி வகைச் சென்சார். நுண்ணிய பிளாட்டினம் கம்பிச் சுருளின் மேல் அலுமினா பூசிய, கடுகளவே இருக்கும் இரண்டு மணிகள். ஒன்றில் பல்லேடியம் போன்ற வினையூக்கி உண்டு, மற்றதில் இல்லை. இரண்டும் மின்சாரத்தால் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிக் காத்திருக்கும். வாயு வந்ததும் வினையூக்கி உள்ள மணியின் மேல் அது சுடரில்லாமல் எரியும். அந்த மணி கூடுதலாகச் சூடாகும், கம்பியின் மின்தடை உயரும், இரண்டு மணிகளுக்கும் இடையிலான வித்தியாசம் திரையில் எண்ணாக வரும். இந்தச் சூடு வெளியே உள்ள வாயுவைப் பற்றவைத்துவிடாதா என்று கேட்பீர்கள். சென்சாரின் முகத்தில் இருக்கும் சாம்பல் நிற உலோக வட்டு அதற்காகத்தான். உலோகத் துகள்களை அழுத்திச் சூடாக்கிச் செய்த வட்டு அது. அதன் நுண்துளைகள் வழியே வாயு உள்ளே போகும், சுடர் வெளியே வராது. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கின் சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்டதும் இதே தத்துவத்தில்தான். அந்த வட்டில் விரிசலோ துளையோ இருந்தால் கேலிப்ரேஷன் பேச்சே வேண்டாம், கருவியைப் பழுதுபார்க்க அனுப்புங்கள். தூசி எடுக்கிறேன் என்று அதை ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் கருவியைக் கொடுக்காதீர்கள்.

இந்த மணிக்கு எமன் சிலிகோன். டாஷ்போர்டு பாலிஷ், அச்சில் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரே, ஜன்னல் இடுக்கில் பூசும் சீலண்ட், சில வகைக் கைக் கிரீம் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவி சூடான மணியில் எரிந்து, சிலிக்காவாகப் படிந்து, வினையூக்கியை மூடிவிடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹைட்ரோகார்பன்களிலேயே எரிக்கக் கடினமானது மீத்தேன். ஆகவே சென்சார் மெல்லச் சாகும்போது முதலில் மீத்தேனைக் காணும் திறன்தான் போகும். புரொப்பேன், பியூட்டேன் போன்றவற்றை இன்னும் சில காலம் காணும். மீத்தேனுக்குக் குருடாகிவிட்ட சென்சார் லைட்டரின் பியூட்டேனைக் கண்டதும் ஊரைக் கூட்டும். நீங்களும் திருப்தியாக அதை எடுத்துக்கொண்டு, மீத்தேன் தேங்கியிருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கப் போவீர்கள்.

உங்கள் கருவியில் இருப்பது இந்த வகைதானா என்று கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அகச்சிவப்புக் கதிர் வகையும் சந்தையில் உண்டு. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, சிலிகோன் அதை ஒன்றும் செய்யாது; ஆனால் ஹைட்ரஜன் அதன் கண்ணுக்கே தெரியாது. இனி நான் சொல்வது வினையூக்கி வகையை மனத்தில் வைத்து.

கேலிப்ரேஷன் என்பது கருவிக்கு இரண்டு பாடம் எடுப்பது. வாயு இல்லாத காற்றைக் காட்டி ‘இது பூஜ்யம்’ என்கிறோம். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி ‘இது 50’ என்கிறோம். கருவிக்குச் சொந்தப் புத்தி கிடையாது, சொன்னதை நம்பும். தப்பாகச் சொன்னாலும் திரையில் ‘பாஸ்’ என்றுதான் வரும். அதனால் இந்த வேலையில் ஒவ்வொரு படியிலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இங்கே தவறு நேர்ந்தால் கருவி அதிகமாகக் கத்துமா, அல்லது வாயை மூடிக்கொள்ளுமா? கத்துகிற தவறு எரிச்சலூட்டும், வேலையைக் கெடுக்கும், ஆனால் உடனே தெரிந்துவிடும். வாயை மூடும் தவறு ஆளை விழுங்கிய பிறகுதான் தெரியும்.

முதலில் பூஜ்யம். கருவியை ஸ்டோர் ரூமில், தின்னர் டிரம்களுக்குப் பக்கத்து மேஜையில் வைத்து ஜீரோ செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்றில் 5% எல்.இ.எல். அளவுக்கு ஆவி இருக்கிறது. எல்.இ.எல். என்பது தீப்பற்றும் கீழ் வரம்பு; அந்த வரம்பை 100 என்று கொண்டு அதில் எத்தனை பங்கு என்பதே திரையில் வரும் எண். கருவி அந்த 5ஐப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு சிலிண்டரைக் காட்டி 50 என்று சொல்லிக் கொடுத்தாலும் கீழ்ப்பகுதியில் கோளாறு அப்படியே நிற்கும். உண்மையில் 12 இருக்கும் இடத்தில் 8 அளவில்தான் காட்டும். 10இல் வைத்த அலாரம் அடிக்காது. இது வாயை மூடும் தவறு. ஆகவே பாதுகாப்பான பகுதியில் செய் என்று கையேடு சொல்வதற்கு வெடிப்பு அபாயம் மட்டும் காரணமல்ல. நல்ல காற்று அங்கேதான் கிடைக்கும்.

நல்ல காற்றைக் கெடுப்பவை கரைப்பான்கள் மட்டுமல்ல. டீசல் ஜெனரேட்டரின் புகை, கேன்டீன் அடுப்பு, இப்போதுதான் அடித்த பெயின்ட், கையில் தேய்த்த சானிடைசர் எல்லாமே கெடுக்கும். சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். கையைத் துடைத்த ஈரத்தோடு கருவியைப் பிடித்தாலே எண் ஏறுவதை நீங்களே பார்க்கலாம். சுற்றுப்புறக் காற்றின் மேல் ஐயம் இருந்தால் ‘ஜீரோ ஏர்’ என்று விற்கும் சுத்தக் காற்றுச் சிலிண்டரைப் பயன்படுத்துங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏசி அறையைப் பற்றியும் ஒரு சொல். நான்கு வாயுக் கருவியில் ஆக்சிஜன் அளவும் ஜீரோ செய்யும்போதே 20.9 என்று அமைந்துவிடும். குளிர்ந்த உலர்ந்த அறையில் அமைத்துவிட்டு, 35 டிகிரி வெயிலில் புழுங்கும் கடலோர ஆலைக்குள் போனால் அந்த எண் 20.4 பக்கம் இறங்கலாம். காற்றில் கூடியுள்ள நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம், பயப்பட வேண்டாம். ஆனால் அதைப் பழக்கமாக்கிக்கொண்டு ‘எப்போதும் 20.4தானே காட்டும்’ என்று விட்டுவிடவும் கூடாது. ஆக்சிஜன் அரை சதவீதம் குறைகிறது என்றால் வேறு ஏதோ வாயு இரண்டு சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கிறது என்றும் பொருள் வரலாம். வேலை நடக்கும் இடத்தின் தட்பவெப்பத்தை ஒத்த, ஆனால் சுத்தமான காற்றுள்ள இடத்தில் ஜீரோ செய்தால் இந்தக் குழப்பம் குறையும்.

அடுத்தது சிலிண்டர். உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது எது என்று லேபிளைப் படியுங்கள், ஏனென்றால் தவறுகளில் மோசமானவை இங்கேதான் நடக்கின்றன. மீத்தேனின் கீழ் வரம்பு 5% என்று அமெரிக்க வழக்கம் சொல்லும், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரநிலை 4.4% என்கிறது. 2.5% மீத்தேன் உள்ள சிலிண்டர் முதல் கணக்கில் 50, இரண்டாவது கணக்கில் 57. உங்கள் கருவி 4.4 கணக்கில் ஓடுகிறது, லேபிளில் ‘50% எல்.இ.எல்.’ என்று போட்டிருக்கிறது, நீங்களும் 50 என்று பதிவு செய்கிறீர்கள். அன்று முதல் அந்தக் கருவி எல்லாவற்றையும் எட்டில் ஒரு பங்கு குறைத்துத்தான் சொல்லும். எனவே எல்.இ.எல். எண்ணை நம்பாமல், லேபிளில் உள்ள கன அளவுச் சதவீதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு வகைச் சிலிண்டரும் உண்டு. அதில் 1.45% மீத்தேன்தான் இருக்கும். லேபிளில் ‘58% எல்.இ.எல். பென்டேன்’ என்று எழுதியிருக்கும். அச்சுப்பிழை இல்லை. பென்டேன் என்ற வேறொரு ஹைட்ரோகார்பனுக்குச் சென்சார் எவ்வளவு சமிக்ஞை கொடுக்குமோ அதே சமிக்ஞையைக் குறைந்த மீத்தேனைக் கொண்டு உண்டாக்குகிற ஏற்பாடு அது. பென்டேன் அளவுகோலில் ஓடும் கருவிக்கும் மீத்தேனைக் காட்டியே பாடம் எடுக்கலாம். மீத்தேன் பார்வை போய்விட்டால் உடனே தெரிந்துவிடும் என்பது அதன் அழகு. ஆனால் இப்படி அமைந்த கருவிக்கு 2.5% மீத்தேன் சிலிண்டரைப் போட்டு 50 என்று சொன்னால், அந்தக் கருவியின் கணக்கில் 100 ஆக இருக்க வேண்டியதை 50 என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். இனி அது எதையும் பாதியாகத்தான் காட்டும், அதுவும் பச்சை விளக்கோடு. கருவி ஒரு நிறுவனத்துடையது, சிலிண்டர் விலை மலிவாகக் கிடைத்த இன்னொரு நிறுவனத்துடையது என்று கலந்து வாங்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வாங்கும் துறைக்கு இதைப் புரியவைப்பது உங்கள் வேலையில் ஒரு பகுதி.

வாயுவை எதில் கலந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மணியின் மேல் எரிய ஆக்சிஜன் வேண்டும். மீத்தேனை வெறும் நைட்ரஜனில் கலந்த சிலிண்டரைக் காட்டினால் எண் ஏறாது; நல்ல சென்சாரைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். நான்கு வாயுக் கலவைகளில் 15 அல்லது 18 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கரைப்பான் ஆலை என்றீர்கள். மீத்தேனுக்குக் கேலிப்ரேட் செய்த கருவி கரைப்பான் ஆவிகளை எப்போதும் குறைத்தே காட்டும். டொலுயீனுக்குப் பல கருவிகளில் திருத்தக் காரணி 2.5ஐ ஒட்டி இருக்கும். திரையில் 10 என்றால் உண்மையில் 25 இருக்கிறது என்று பொருள். மூடிய இடங்களில் 10% எல்.இ.எல்.ஐத் தாண்டினாலே அபாயகரமான சூழல் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு. அந்தக் கணக்கில் உங்கள் திரையில் 4 வந்தாலே நின்றுவிட வேண்டும். உங்கள் ஆலையில் எந்தக் கரைப்பான் அதிகம் புழங்குகிறதோ அதற்கான காரணியை உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்து எடுத்து, அலாரம் அளவுகளை அதற்கேற்ப இறக்குங்கள். டீசல், மண்ணெண்ணெய் போன்ற கனமான எண்ணெய்கள் விஷயத்தில் காரணியும் உதவாது. அவற்றின் ஆவி அந்த உலோக வட்டிலேயே படிந்து நின்றுவிடும். டீசல் தொட்டியில் பூஜ்யம் காட்டியதால் வெல்டிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) கையெழுத்துப் போடாதீர்கள்.

இனிச் சிலிண்டரைக் கையாளும் பாதுகாப்பு. 2.5% மீத்தேன் கலவை தீப்பற்றும் வரம்புக்குக் கீழே இருப்பதால் அது தானாக எரியாது. அந்த அளவில் நிம்மதி. ஆனால் அதே சிலிண்டரில் 20 அல்லது 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) ஹைட்ரஜன் சல்பைடும், 60 முதல் 100 பி.பி.எம். வரை கார்பன் மோனாக்சைடும் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பி.பி.எம். என்பதைப் பத்து நிமிட அளவில் தாண்டக் கூடாத உச்சவரம்பாக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் வைத்திருக்கிறது. நீங்கள் விடுவது நிமிடத்துக்கு அரை லிட்டர்தான்; காற்றோட்டமுள்ள அறையில் அது கரைந்துபோகும். ஆனால் கதவைச் சாத்திய சிறிய ஏசி அறையில் பத்துக் கருவிகளை வரிசையாக வைத்துச் செய்வது தவறு. ஜன்னலோரம் உட்காருங்கள், வெளியேறும் வாயு உங்கள் முகத்துக்கு எதிர்த்திசையில் போகட்டும். அதே சமயம் மின்விசிறி நேராகக் கருவியின் மேல் அடிக்கக் கூடாது. அது வாயுவை நீர்க்கச் செய்து, அளவைக் குழப்பும்.

இந்தச் சிறிய சிலிண்டர்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே 500 முதல் 1,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம்; மேல் அளவு வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 70 மடங்கு. ரெகுலேட்டரின் குமிழை மூடிய பிறகே சிலிண்டரில் திருகுங்கள். கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். திருகில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். மரை சரியாக உட்காரவில்லை என்றால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள், வேறு வகை ரெகுலேட்டராக இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு உள்ள கலவைக்குத் துருப்பிடிக்காத எஃகு ரெகுலேட்டர்தான் ஏற்றது. பித்தளையோடு அந்த வாயு வினைபுரியும். வீட்டு எல்.பி.ஜி.யையோ முழுச் செறிவு மீத்தேனையோ பையில் பிடித்துக் காற்றோடு கலந்து ‘நாமே கேஸ் தயார் செய்வோம்’ என்று ஒரு கைதேர்ந்த மெக்கானிக் சொல்வார். அங்கே நீங்கள் தயார் செய்வது வெடிக்கும் கலவை.

ரெகுலேட்டரில் இரண்டு இனம். நிலையான ஓட்டம் தருவது ஒன்று. கருவி உறிஞ்சும்போது மட்டும் திறப்பது மற்றொன்று. உள்ளே உறிஞ்சும் மோட்டார் உள்ள கருவிக்கு இரண்டாவது பொருந்தும். நிலையான ஓட்டம் அதற்குப் போதாமல் போனால் மோட்டார் திணறும், அல்லது இடுக்கு வழியே வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். மோட்டார் இல்லாத, காற்று தானாகப் பரவி நுழையும் கருவிக்கு உறிஞ்சினால் திறக்கும் ரெகுலேட்டரைப் போட்டால் வாயுவே வராது. அந்தக் கருவிக்கு நிமிடத்துக்கு 0.25 அல்லது 0.5 லிட்டர் என்று கையேட்டில் இருக்கும் அளவையே தாருங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஓட்டத்தைக் கூட்டினால் மூடிக்குள் அழுத்தம் ஏறி, சென்சார் உள்ளதைவிட அதிகமாக உணரலாம். அந்த அதிகத்தை 50 என்று கற்றுக்கொண்ட கருவி களத்தில் குறைத்துக் காட்டும். மறுபடியும் வாயை மூடும் தவறு. குழாய் ஓட்டையாக இருந்தால் நேர்மாறு: நீர்த்த வாயுவை 50 என்று கற்றுக்கொண்டு, களத்தில் தேவையில்லாமல் அலறும். குழாய் குட்டையாக இருக்கட்டும். சிலிகோன் குழாய் வேண்டவே வேண்டாம்.

இப்போது மேஜையில் உட்கார்ந்து செய்யும் வேலை. கட்டுப்பாட்டு அறைக்கு முதலில் சொல்லிவிடுங்கள், குறிப்பாக உங்கள் கருவி வயர்லெஸ்ஸில் அலாரம் அனுப்பும் வகை என்றால். இல்லையேல் உங்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடிவருவார்கள். கருவியை இயக்கி, கையேடு சொல்லும் நேரம்வரை சூடேற விடுங்கள். வடிகட்டி அழுக்காக இருந்தால் மாற்றுங்கள். சுத்தக் காற்றில் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எதையும் திருத்துவதற்கு முன் சிலிண்டர் வாயுவைக் காட்டி, ஒரு நிமிடம் போல எண் நிலைக்கும்வரை பொறுத்து, அதையும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்களையும் எழுதாமல் நேரே கேலிப்ரேஷன் பட்டனை அழுத்துவதுதான் எங்கும் காணும் பழக்கம். எனக்கு அதைவிடக் கோபம் தரும் பழக்கம் இந்தத் தொழிலில் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 50 காட்ட வேண்டிய கருவி 31 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் 50 ஆகிவிடும், கருவி சரியாகிவிடும். ஆனால் நேற்று இந்தக் கருவியை நம்பி எத்தனை ஹாட் வொர்க் (வெல்டிங் போன்ற தீப்பொறி வேலை) பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டோம்? அதற்கு முந்தைய வாரம்? கடைசியாகச் சரியாக இருந்தது என்று நிரூபணமான நாள்வரை பின்னோக்கிப் போய், அந்த நாட்களின் பெர்மிட்டுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும் இடம் இருந்தால் நிறுத்தி, வேறு கருவியால் மறுபடி அளக்க வேண்டும். அந்த 31ஐ எழுதாமல் விட்டால் இது எதுவும் நடக்காது.

ஆண்டுச் சான்றிதழ் போதாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். இந்தியாவின் ஆய்வக அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் அவசியமானதுதான், தணிக்கையில் கேட்பார்கள். ஆனால் அது அந்த ஆய்வக மேஜையில் அந்த நாளில் கருவி எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. மறுநாள் கருவியைக் கீழே போட்டாலோ, சிலிகோன் ஸ்ப்ரே அடிக்கும் அறைக்குள் கொண்டுபோனாலோ ஸ்டிக்கருக்கு அது தெரியாது. அதனால்தான் தினமும் வேலைக்கு முன் சிலிண்டர் வாயுவைக் காட்டி, எண் ஏறுகிறதா, ஒலியும் விளக்கும் அதிர்வும் வருகின்றனவா என்று பார்க்கிறோம். ஆலைகளில் இதைப் பம்ப் டெஸ்ட் (bump test) என்பார்கள். உறிஞ்சும் மோட்டாரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிட வேலை. தினமும் இதைச் செய்தால் கருவி தோற்கும் நாளில் ஒரே ஒரு நாளின் பெர்மிட்டுகளைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஆண்டு முழுவதையும். உங்கள் மேலாளரிடம் மாதாந்தர கேலிப்ரேஷனைவிட இதைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன், உங்கள் இடத்தில் இருந்தால்.

மேஜைக்குத் திரும்புவோம். பழைய எண்களை எழுதியான பிறகு வாயுவை நிறுத்தி, திரை முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து ஜீரோ செய்யுங்கள். பிறகு ஸ்பான், அதாவது சிலிண்டர் வாயுவைக் காட்டி எண்ணைக் கற்றுக்கொடுப்பது: திரை கேட்கும் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு வாயுவைத் திறவுங்கள். முடிந்ததும் சுத்தக் காற்றில் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இன்னொரு முறை வாயுவைக் காட்டி, கற்றதை ஒழுங்காகச் சொல்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்பான் தோற்றால் என்ன செய்வது? சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, காலாவதியா, குழாய் கழன்றதா, சூடேற நேரம் கொடுத்தோமா என்று பார்த்துவிட்டு ஒருமுறை திரும்பச் செய்யலாம். அதற்கும் மேல் ‘பாஸ்’ வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது கூடாது. சாகும் நிலையில் உள்ள சென்சாரின் மெல்லிய சமிக்ஞையைக் கருவி பெருக்கிப் பெருக்கி எப்படியோ ஒருமுறை 50க்குக் கொண்டுவந்துவிடும். அடுத்த வாரமே அது நகர்ந்துவிடும். சிகப்பு அட்டை கட்டி அலமாரியில் பூட்டுங்கள், சென்சாரை மாற்றுங்கள். மாற்றுவது, பேட்டரிப் பெட்டியைத் திறப்பது, சார்ஜ் ஏற்றுவது எல்லாம் பாதுகாப்பான பகுதியில்தான். கருவிக்குச் சான்று வாங்கியிருப்பது குறிப்பிட்ட பேட்டரியை வைத்து. கடையில் கிடைத்த வேறு பேட்டரியைப் போட்டால் வெடிப்புப் பாதுகாப்புச் சான்று அங்கேயே முடிந்துபோகும்.

கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இந்தக் கருவியைத்தான் எடுத்துப்போவீர்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு விஷவாயு மட்டுமல்ல. வினையூக்கியின் மேல் ஒட்டிக்கொண்டு மீத்தேன் அளவையும் தற்காலிகமாக மட்டுப்படுத்தும். ஹைட்ரஜன் சல்பைடு அலாரம் அடித்த இடத்தில் பக்கத்து எல்.இ.எல். எண் குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். வெளியே வந்ததும் நல்ல காற்றில் வைத்து, மறுபடி பம்ப் டெஸ்ட் செய்துவிட்டே அடுத்த இடத்துக்குப் போங்கள். அதேபோல் வாயு தீப்பற்றும் மேல் வரம்பையும் தாண்டிச் செறிந்திருந்தால் எரிய ஆக்சிஜன் இல்லாமல் எண் ஏறி உடனே சரியும். நல்ல கருவிகள் அந்த ஏற்றத்தைப் பிடித்து நிறுத்தி எச்சரிக்கும். பழையவை சரிந்த எண்ணையே காட்டும். ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்கிய எண்ணைப் பார்த்தால் வெளியேறுங்கள்.

சிலிண்டர் கணக்கு எளிது. 58 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 116 நிமிடம் வரும். ஒரு பம்ப் டெஸ்டுக்கு ஒரு நிமிடம், பழைய அளவு பார்த்து முழு கேலிப்ரேஷன் செய்ய நாலைந்து நிமிடம் என்று வைத்தால் ஒரே கருவிக்கு மூன்று மாதமாவது தாங்கும். செலவு பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மீத்தேன் நிலையான வாயு. ஹைட்ரஜன் சல்பைடு சிலிண்டருக்குள்ளேயே மெல்லக் குறையும். எனவே காலாவதித் தேதியை மதியுங்கள். பதிவேட்டில் தேதி, கருவி எண், சிலிண்டரின் லாட் எண், திருத்துவதற்கு முன் இருந்த அளவு, திருத்திய பின் அளவு, செய்தவர் கையெழுத்து ஆகியவை இருந்தால் போதும். அழகான படிவம் தேவையில்லை. வெயிலில் நிற்கும் வேனுக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரியைத் தாண்டும் இடம் அதற்கு ஆகாது. கருவியை டாஷ்போர்டின் மேல் வைப்பதும் வேண்டாம், பாலிஷ் அங்கேதான் அடித்திருப்பார்கள். தீர்ந்த சிலிண்டர் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. மறுபடி நிரப்பித் தருகிறேன் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். மிச்ச வாயுவைத் திறந்தவெளியில் முழுக்க வெளியேற்றிவிட்டு, காலி என்று எழுதி, விற்றவரிடமே ஒப்படையுங்கள்.